கினிப்புல் நாற்று: மேல்மண் காயக் கூடாத நாட்கள்

மாட்டுத் தீவனத்துக்குக் கினிப்புல் விதைக்கும் பலர், பச்சை தெரிந்ததும் தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். நாற்று அதிகம் சாவது அப்போதுதான். விதையிலிருந்து முதலில் இறங்குவது நூல் மாதிரி ஒரு வேர். அது சில வாரங்களுக்குத்தான் தாங்கும். மூன்று, நான்கு இலை விரியும்போது தண்டின் அடிக்கணுவில் புது வேர்கள் கிளம்பும். அந்தக் கணு மண் மட்டத்தை ஒட்டியே இருக்கும். மேல் ஓர் அங்குலம் காய்ந்து கிடந்தால் வேர் சின்ன முனையோடு நின்றுவிடும். கீழே ஈரம் இருந்தும் பயனில்லை.

திருகோணமலையில் கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் விதைக்க வேண்டாம். புரட்டாதிக் கடைசியில், மாரிக்குச் சற்று முன் மேடை போடுங்கள். அகலம் 1 மீற்றர், உயரம் 15 சென்ரிமீற்றர். இல்லாவிட்டால் பெருமழை விதையை அள்ளிப் போய்விடும். புதிதாக உதிர்ந்த விதை சரியாக முளைக்காது, சில மாதம் உலர வைத்ததை எடுங்கள். மேலே அரை சென்ரிமீற்றர் மண் போதும். அதன்மேல் வைக்கோலை மெல்லியதாகப் பரப்பி, முளை தெரிந்ததும் ஒரு மாலையில் எடுத்துவிடுங்கள்.

நிலாவெளிப் பக்கத்து மணலில் சதுர மீற்றருக்கு 2 லீற்றர் ஊற்றினால் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் ஆழம் நனையும். ஆகவே விதைத்ததிலிருந்து நான்கு இலை வரும் வரை காலையும் மாலையும் 2 லீற்றர், பூவாளியால். நான்கு இலை வந்து, நாற்றை மெல்ல இழுத்தால் மண்ணைப் பிடித்து நிற்கிறதென்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் 8 லீற்றர். வேர் ஆழம் தேடும். கந்தளாய்ச் செம்மண் ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும், முளைக்கும் காலத்தில் பெரும்பாலும் ஒரு வேளை போதும். ஆனால் காய்ந்தால் மேலே பொருக்குக் கட்டி முளையை அமுக்கும்.

ஈரம் பார்க்க, விரல்நுனி ஆழத்து மண்ணை எடுத்துப் பிடியுங்கள். உருண்டையாக நின்று, தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தால் வேருக்குக் காற்றில்லை: இலை மஞ்சளாகும், அடித்தண்டு பழுப்பாகிச் சாயும். மத்தியானத்தில் இலை ஊசிபோலச் சுருளுவது வழக்கம். விடியற்காலையிலும் சுருண்டே இருந்தால் உடனே தண்ணீர் விடுங்கள்.

கரையோரக் கிணறு உவர்ப்பாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதே கெடுதல். உப்பு மேலே வெள்ளையாகப் படிந்து இலைநுனி கருகும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் ஆழமாக நனைத்து, உப்பைக் கீழே இறக்குங்கள்.