காலி ரோட்டில் தானாக விழுந்த பிரேக்

உளுந்தூர்பேட்டை தாண்டி வலது லேனில் மணிக்கு 90-இல் போய்க்கொண்டிருந்தேன், அடாப்டிவ் க்ரூஸ் போட்டு (முன்னால் போகும் வண்டியை ரேடாரில் பார்த்து வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி). முன்னால் ரோடு காலி. இடது லேனில் ஒரு கரும்பு லாரி. அதை நெருங்கியதும் கார் தானாகப் பிரேக் போட்டது. அம்மா மடியிலிருந்த முறுக்கு டப்பா முன் சீட்டுக்குப் பறந்து வந்தது. பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் நிற்கிறது.

மறுநாள் பம்பரில் இருக்கும் ரேடார் மூடியைத் துடைத்துப் பார்த்தேன். பலனில்லை. சர்வீஸில் கேட்டால், “ரேடார்னா அப்படித்தான் சார்.”

அப்புறம்தான் உறைத்தது. இரண்டு மாதம் முன்பு பார்க்கிங்கில் ஒரு தூணில் இடித்து பம்பரைச் சரிசெய்திருந்தேன். குனிந்து டார்ச் அடித்தால், ரேடாரைத் தாங்கும் பிராக்கெட் லேசாக இடப்பக்கம் வளைந்திருந்தது. லேசாகத்தானே என்று விட முடியாது. ரேடார் 1 டிகிரி விலகினாலே, அது பார்க்கும் இடம் 100 மீட்டர் தள்ளி 1.75 மீட்டர் நகர்ந்துவிடும். லேனின் அகலமே 3.5 மீட்டர்தான். பக்கத்து லாரி என் லேனில் நிற்பதாகக் கார் நினைத்ததில் ஆச்சரியமில்லை.

பெயின்ட் அடித்தவர்கள் இதைப் பார்க்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. புது பிராக்கெட், முதலில் வீல் அலைன்மென்ட், பிறகு எதிரே பலகை வைத்து ஸ்கேனரில் ரேடார் காலிப்ரேஷன், அதாவது ரேடார் நேராகப் பார்க்கும்படி சரிசெய்வது. அரை நாள் வேலை.

போன வாரம் அதே ரோடு. நாலு லாரியைத் தாண்டினேன், பிரேக் விழவில்லை. வளைவுகளில் மட்டும் எப்போதாவது தயங்குகிறது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் போய்விடுகிறது.