அரபு இலக்கியம், மொழிபெயர்ப்பு, பண்பாட்டுப் பொறுப்பு: கொங்கு நாட்டிலிருந்து கிளம்புகிறவருக்கு

அரபு இலக்கியம் படித்து, மொழிபெயர்த்து, பிறகு அரசின் பண்பாட்டுப் பொறுப்புக்கு வருவது எகிப்தில் நடைபழகிய பாதை. 1826இல் பாரிசுக்குப் போன ரிஃபாஆ அத்தஹ்தாவி, திரும்பி வந்து 1835இல் கெய்ரோவில் மொழிகள் பள்ளியைத் தொடங்கினார். பார்வையற்ற எழுத்தாளர் தாஹா ஹுசைன் 1950இல் கல்வி அமைச்சரானார். இலக்கிய விமர்சகர் ஜாபிர் உஸ்ஃபூர் பிறந்த மஹல்லா அல்குப்ரா பஞ்சாலை ஊர். திருப்பூர்க்காரருக்கு அந்நியமாகத் தெரியாது. அவர் பேராசிரியராக இருந்துகொண்டே இலக்கியக் கோட்பாட்டு நூல்களை அரபியாக்கினார். 2007இல் தேசிய மொழிபெயர்ப்பு மையத்தின் இயக்குநர், 2014இல் பண்பாட்டு அமைச்சர். மூவருக்கும் எழுத்து முதலில், நாற்காலி பிறகு. நம் ஊரிலும் வேறு வழி இல்லை.

மதரசாவில் ஓதிப் பழகியவருக்கு எழுத்தும் உச்சரிப்பும் கைவசம் இருக்கும். அது நல்ல முதல். ஆனால் குர்ஆனில் உள்ள உயிர்க்குறிகள் நாவலிலும் நாளிதழிலும் இருக்காது. க-த-ப என்று மூன்று மெய் மட்டும் நிற்கும். 'எழுதினான்', 'எழுதப்பட்டது', 'நூல்கள்' மூன்றில் எது என்று வாக்கியத்தை வைத்து நீங்களே முடிவுகட்ட வேண்டும். சர்ஃபும் (சொல்லிலக்கணம்) நஹ்வும் (தொடரிலக்கணம்) கைவராமல் இது நடக்காது. தினம் நாளிதழில் ஒரு பத்தியை எடுத்து, பென்சிலால் முழுக்க உயிர்க்குறி இட்டு, தெரிந்தவரிடம் காட்டித் திருத்துங்கள்.

பட்டத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரபு, பாரசீக, உருதுத் துறை இருக்கிறது; திருச்சி ஜமால் முகமது கல்லூரி இருக்கிறது. கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு மேற்கே எல்லையைத் தாண்டினால் கேரளம். அங்கே பள்ளியிலிருந்தே அரபி கற்பிப்பதால் கல்லூரிகளும் கூடுதல், தேஞ்ஞிப்பாலத்தில் காலிகட் பல்கலைக்கழகமும் உண்டு. கல்லூரி ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் நெட் தேர்வு: முதல் தாளில் 50 கேள்வி, பாடத்தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம்.

அகராதியில்தான் பலர் முதல் மாதமே சலித்துப்போகிறார்கள். ஹான்ஸ் வேரின் அரபு–ஆங்கில அகராதி வேர்ச்சொல் வரிசையில் அமைந்தது. மருத்துவமனை என்னும் 'முஸ்தஷ்ஃபா'வை மீம் (ம) எழுத்தில் தேடினால் கிடைக்காது. முன்னொட்டைக் கழித்து ஷ-ஃப-ய வேருக்குப் போய், அதன் கீழே பத்தாம் வினைவடிவத்தைப் பார்க்க வேண்டும். எகிப்திய நாவலின் உரையாடலுக்கு இந்த அகராதி போதாது. 1986இல் வந்த ஹைண்ட்ஸ், பதாவி இருவரும் தொகுத்த எகிப்திய வழக்கு அகராதியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சைக் கொங்குத் தமிழில் போடும் ஆசை எல்லோருக்கும் வரும். கெய்ரோ வண்டிக்காரர் "ஏனுங்க" என்று தொடங்கினால் நைல் பவானிக்கு வந்துவிடும். பொதுப் பேச்சுத் தமிழே போதும்.

அரபு உரைநடையில் 'வ' என்ற இணைப்பு வாக்கியத்துக்கு வாக்கியம் வரும். எல்லாவற்றையும் 'மேலும்' என்று போட்டால் அரசாணை வாசிப்பது போலாகும். 'போய்', 'எடுத்து', 'திரும்பியதும்' என்று எச்சங்களால் கோத்துவிடுங்கள். பெயர்களுக்குத் தனித்தாள் ஒன்று போடுங்கள். ஆங்கில வழி வந்தால் 'நாகிப்', 'நகுய்ப்' என்று ஆளுக்கொரு விதமாக அலையும் பெயர், அரபியில் 'நஜீப்'தான். ஒரு நாளில் 500 அரபுச் சொற்களைத் திருத்தத்தோடு முடித்தால் நல்ல வேகம்.

பழகுவதற்கு உரிமைத் தொல்லை இல்லாத நூலை எடுப்பதே புத்தி. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. ஜுர்ஜி ஸைதான் 1914இலும், மன்ஃபலூத்தி 1924இலும் இறந்தவர்கள், தாராளமாக எடுக்கலாம். ஜிப்ரானும் 1931இலேயே போய்விட்டார், ஆனால் அவருடைய புகழ்பெற்ற நூல் ஆங்கிலத்தில் எழுதியது. அரபியில் எழுதியதைப் பார்த்து எடுங்கள். 2006இல் மறைந்த நஜீப் மஹ்ஃபூழைத் தொடுவதற்கு முன் எழுத்தில் அனுமதி வேண்டும். முழு நாவலையும் முடித்துவிட்டு உரிமை கேட்பது பெரிய தப்பு. வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்று பதில் வந்தால் உழைப்பு பரணில் கிடக்கும்.

பதிப்பாளருக்கு முழுக் கைப்பிரதி அனுப்ப வேண்டாம். 10 பக்க மொழிபெயர்ப்பு, அதே பக்கங்களின் அரபு மூலம், ஒரு பக்கச் சுருக்கம், உரிமை நிலவரம் பற்றி இரண்டு வரி போதும். ஈரோடு புத்தகத் திருவிழாவில் நேரில் கொடுப்பதென்றால் வார நாள் மதியம் போங்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் யாரும் கையில்கூட வாங்கமாட்டார்கள்.

வருமானம் இலக்கியத்தில் மட்டும் வராது. பின்னலாடை, எந்திர ஏற்றுமதிக்காரர்களுக்கு லேபிள், விலைப்பட்டியல், கடிதம் வேண்டியிருக்கும். கையில் காசு புரளும். ஆனால் அமீரக நீதிமன்றத்துக்குப் போகும் ஆவணத்தை ஏற்காதீர்கள். அங்கே நீதி அமைச்சகம் உரிமம் தந்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும்.

பதவி பக்கம் ஒரு எச்சரிக்கை: குடிமைப்பணித் தேர்வில் அரபு இலக்கியத்தை விருப்பப்பாடமாக இப்போது எடுக்க முடியாது, தமிழ் இலக்கியம் எடுக்கலாம். வெளியுறவுப் பணிக்குத் தேர்வானபின் ஒதுக்கும் அயல்மொழிகளில் அரபியும் ஒன்று. இந்தியப் பண்பாட்டு உறவுக் கழகம் 1950 முதல் 'தகாஃபத்துல் ஹிந்த்' என்ற அரபுக் காலாண்டிதழை நடத்தி வந்திருக்கிறது. அத்தகைய இதழில் தமிழ்ச் சிறுகதை ஒன்றை அரபியாக்கி வெளியிட்டிருந்தால் நேர்காணலில் எடுத்துக் காட்ட ஒன்று இருக்கும். தமிழிலிருந்து அரபிக்குப் போகும் அந்தத் திசையில்தான் ஆளே இல்லை. சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023இல் தொடங்கியதிலிருந்து தமிழ் நூல்களை வெளிமொழிகளுக்குக் கொண்டுபோக மொழிபெயர்ப்பு நல்கை உண்டு. விண்ணப்பிப்பது பதிப்பாளர் என்பதால், முதலில் ஓர் அரபுப் பதிப்பாளரைப் பிடிக்க வேண்டும். அதற்கு நவம்பரில் நடக்கும் ஷார்ஜா புத்தகக் கண்காட்சி தோதான இடம். இரண்டு தமிழ் நூல்களின் மாதிரிப் பக்கங்களை அரபியில் அச்செடுத்து வைத்துக்கொண்டு, முதல் நாட்களிலேயே போய்ப் பேசுங்கள்.