நாய்க்கால் வளைவுக்கு 3டி கைடு: இந்தத் தவறுகள் வேண்டாம்

வளரும் வயதில் முன்னங்காலில் அடிபட்டால், சில குட்டிகளுக்கு அந்தக் காலின் இரண்டு எலும்புகளில் ஒன்றான அல்னாவின் கீழ்முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு நசுங்கி மூடிக்கொள்ளும். அல்னாவின் நீளத்தில் சுமார் 85% அந்தத் தட்டிலிருந்துதான் வருகிறது. அது நின்றுபோக, பக்கத்து எலும்பான ரேடியஸ் மட்டும் வளர்ந்து வில்லாக வளைகிறது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிவிடுகிறது. இதை நேராக்க, சிடி ஸ்கேனை வைத்து அந்த நாயின் எலும்புக்கென்றே வெட்டும் கைடு, அதாவது எங்கே எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று காட்டும் அச்சு, 3டி பிரின்டரில் அச்சிடுகிறோம். புதிதாக இறங்குகிறவர்கள் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இடது வலது மாற்றி அச்சிடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

பழைய சிடி

வளரும் குட்டிக்குச் சில வாரத்திலேயே எலும்பு மாறிவிடும். புதிதாக எடுங்கள், ஸ்லைஸ் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக.

உட்காராத கைடை அழுத்திப் பிடித்து, அதை எலும்போடு பூட்டும் பின்னை (கம்பியை) அடிப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கணினியில் பார்த்தது வெறும் எலும்பு. மேசையில் இருப்பதோ சவ்வும் தசையும் ஒட்டிய எலும்பு, அதிலும் ரேடியஸின் கீழ்ப்பகுதியில் ஒரு தசை குறுக்காகச் சாய்ந்து போகிறது, அதை ஒதுக்காமல் கைடை வைத்தால் ஒரு முனை தூக்கிக்கொண்டுதான் நிற்கும். 30 மி.மீ. நீள கைடின் ஒரு முனைக்கு அடியில் 1 மி.மீ. சதை மாட்டினால் கிட்டத்தட்ட 2 டிகிரி சாய்வு. சின்ன நாய்க்கு 15 மி.மீ. கைடு என்றால் அதுவே 4 டிகிரி.

ஓர் இளம் மருத்துவருடன் நின்றிருந்தேன். விரல் பட்டதும் கைடு லேசாக ஆடியது. "சரியாகிவிடும் சார்" என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இரண்டு பின்னையும் இறக்கிவிட்டார். அப்புறம் வெட்டு, பிளேட், ஸ்க்ரூ எல்லாமே அந்தச் சாய்வின்படிதான் போயின. எக்ஸ்ரேயில் பாதம் இன்னும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நாய்க்கு மறுபடி மயக்கம், மறுபடி வெட்டு, வீட்டுக்காரருக்கு மறுபடி செலவு.

கைடு என்பது பாத்திரத்துக்கு அதன் சொந்த மூடி மாதிரி, ஒரே இடத்தில்தான் பொருந்த வேண்டும். வழவழப்பான நடுத்தண்டை மட்டும் பிடிக்கும்படி வடிவமைத்தால் அது மேலும் கீழும் வழுக்கும், சுற்றியும் போகும். ஒரு விளிம்பையோ மேட்டையோ சேர்த்துப் பிடிக்கட்டும். அடியில் எலும்பு தெரிய ஒரு ஜன்னல் விடுங்கள். அச்சிட்ட எலும்பு மாதிரியையும் ஸ்டெரிலைஸ் செய்து மேசையில் வைத்துக்கொண்டு, கைடின் விளிம்பு எங்கே நிற்கிறது என்று ஒப்பிடுங்கள். முதல் பின் போன பிறகும் கைடு சுழலும், இரண்டாவதுதான் பூட்டும். அதற்கு முன் நிறுத்திப் பாருங்கள், முடிந்தால் சி ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியில். அதற்காக எலும்பு முழுவதையும் சுரண்டிவிடாதீர்கள், ரத்த ஓட்டம் போனால் வெட்டிய எலும்பு ஒன்றுசேராது. கைடு படும் இடத்தை மட்டும்.

பிஎல்ஏ

சாதாரண 3டி பிரின்டர் பிளாஸ்டிக்கான இது 60 டிகிரி வெப்பத்திலேயே இளகும், நீராவியில் ஸ்டெரிலைஸ் செய்யும் ஆட்டோகிளேவோ 121. அதைத் தாங்கும் ரெசின் வாங்குங்கள்.

அல்னாவை மறப்பது

அதை முதலில் வெட்டாவிட்டால் ரேடியஸ் நகராது.

கைடை மட்டும் நம்பிப் போவது

மூட்டிலிருந்து வெட்டுக்கு எத்தனை மி.மீ., எத்தனை டிகிரி என்பதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். கைடு எப்படியும் உட்காரவில்லை என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு, அந்த அளவுகளை வைத்து வெட்டுங்கள்.