எழுதாமல் விட்ட இரவுகள்: சம்பளத்துக்கும் பாதுகாப்புக்கும் போராடும் செவிலியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நர்சிங் படிக்கும்போது எங்கள் டியூட்டர் தினமும் ஒன்று சொல்வார்: "எழுதலைன்னா செய்யலைன்னு அர்த்தம்." ஊசி போட்டாயா, சார்ட்டில் எழுது. டாக்டருக்கு போன் பண்ணினாயா, எத்தனை மணிக்கு என்று எழுது. பத்தொன்பது வருடமாக அப்படித்தான் எழுதி வருகிறேன். நோயாளிக்காகப் பக்கம் பக்கமாக எழுதிய நான், எனக்காக ஒரு வரி எழுத ரொம்ப காலம் ஆனது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் மருத்துவமனை, ஆண்கள் பொது வார்டு, நைட் டூட்டி. 42 நோயாளிகளுக்கு நாங்கள் இரண்டு பேர். இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு ரத்த வாந்தி. அவரை ஐ.சி.யு.வுக்கு மாற்றிவிட்டுத் திரும்பும்போது, மூலை பெட்டில் டிரிப் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறி நின்றது. பக்கத்தில் இருந்த அவர் மகன் என்னைத் திட்டினார். திட்டியதில் தப்பே இல்லை. காலையில் ஹேண்டிங் ஓவர் நோட்டில் 42 பேரைப் பற்றியும் எழுதினோம். அந்த இரவு எத்தனை நர்ஸ் இருந்தோம் என்பது மட்டும் எந்த நோட்டிலும் இல்லை.

மூன்று மாதம் கழித்து ஆள் பற்றாக்குறை பற்றிப் பேச நிர்வாகத்திடம் எட்டுப் பேர் போனோம். முதல் கேள்வியே, "எந்தத் தேதி, எந்த வார்டு?" ஒருவரிடமும் பதில் இல்லை. ரோஸ்டரை எடுத்துக் காட்டினார்கள். அதில் நாலு பெயர் இருந்தது. நாலில் ஒருவர் பிரசவ விடுப்பில் போயிருந்தார், இன்னொருவரை ஐ.சி.யு.வுக்கு இழுத்திருந்தார்கள். அதை நிரூபிக்க எங்கள் கையில் ஒன்றுமே இல்லை. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம்.

கணக்கில்லாமல் பேசப் போவது

நான் பார்த்தவரை நம் கோரிக்கைகள் தெருவில் தோற்பதைவிடக் காகிதத்தில் தோற்பதுதான் அதிகம். அதனால் இதைத்தான் முதலில் சொல்கிறேன். ஆளுக்கொரு சின்ன நோட்டு போதும். தேதி, வார்டு, ஷிஃப்ட், டூட்டியில் இருந்த நர்ஸ் எத்தனை பேர், நோயாளிகள் எத்தனை பேர், டூட்டி முடிய வேண்டிய நேரம், உண்மையில் கிளம்பிய நேரம், சாப்பிட முடிந்ததா இல்லையா. இரண்டு நிமிட வேலை. நோயாளியின் பெயர் வேண்டாம், கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுக்கவே கூடாது. அவர்களின் அந்தரங்கம் நம் ஆயுதம் ஆகக் கூடாது.

எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமம் சொல்லும் அளவு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இந்த விகிதத்தைச் சட்டமாகவே 1999-ல் கொண்டுவந்து 2004-ல் நடைமுறைப்படுத்தினார்கள். ஐ.சி.யு.வில் ஒரு நர்ஸுக்கு 2 நோயாளிக்கு மேல் கொடுக்க முடியாது. "வேலை ரொம்ப அதிகம் சார்" என்றால் எல்லோருக்கும்தான் என்று பதில் வரும். "61 இரவில் 48 இரவு ஒரு நர்ஸுக்கு 20 நோயாளிக்கு மேல்" என்று தாளை வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டாவது தடவை நாங்கள் அப்படித்தான் போனோம். கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வார்டுக்கு இரவில் மூன்றாவது ஆள் வந்தார்.

ஊசி குத்திய சம்பவங்களிலும் இதே கதைதான். ஊசி குத்தினால் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துக் கழுவுங்கள், விரலைப் பிழியாதீர்கள். உடனே எழுத்தில் ரிப்போர்ட் செய்து, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும். "சின்னக் குத்துதானே சிஸ்டர், விடுங்க" என்று இன்சார்ஜ் சொன்னார் என்பதற்காக விட்டவர்களை எனக்குத் தெரியும். அன்றைய தேதியில் நமக்கு நோய் இல்லை என்று காட்டும் ரிப்போர்ட் இல்லாவிட்டால், பிறகு ஏதாவது வந்தால் அது வேலையில் வந்தது என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

வாட்ஸ்அப்பில் வந்ததைச் சட்டம் என்று நம்புவது

"நர்ஸுக்கு குறைந்தபட்சம் 20,000 ரூபாய், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு" என்று ஒரு செய்தி வருடா வருடம் சுற்றும். அதை நம்பி அக்கவுண்ட்ஸ் அறையில் போய் நின்றவர்கள் அவமானப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள். நடந்தது இதுதான். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தனியார் மருத்துவமனைச் செவிலியர்களின் சம்பளம், பணி நிலை பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசைக் கேட்டது. குழு ஒரு பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம், 100-க்கு மேல் என்றால் அதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்குக் கீழே என்றால் 20,000-க்குக் குறையக் கூடாது. ஆனால் இது பரிந்துரை. ஒவ்வொரு மாநில அரசும் ஆணை போட்டால்தான் அதற்குப் பல் முளைக்கும்.

கேரளத்தில் முளைத்தது. 2011-ல் உருவான ஐக்கிய செவிலியர் சங்கம் பல வருடம் போராடி, 2018 ஏப்ரலில் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரம் வரை நடைப்பயணம் அறிவித்தது. பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள் அரசு குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கையை வெளியிட்டது. அடிப்படை 20,000. அங்கே செவிலியர்கள் பரிந்துரையை ஆணையாக மாற்றச் சொல்லி அரசை நெருக்கினார்கள். நாம் பரிந்துரையின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு எச்.ஆரிடம் போகிறோம்.

படிக்காமல் கையெழுத்து, ஒரிஜினல் சான்றிதழ்

இதில் நீட்ட ஒன்றுமில்லை. ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்காதீர்கள், சரிபார்த்த உடனே திரும்ப வாங்குங்கள். பாண்ட் பத்திரத்தில் தொகை எழுதாமல் காலியாக விட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். கேட்டு வாங்குங்கள். பே ஸ்லிப், பி.எஃப். எண் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஒப்பந்தத்தில் எழுதிவிட்டார்கள் என்பதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஒப்பந்தச் செவிலியருக்கும் மகப்பேறு சட்டத்தின் பலன் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் சொல்லியிருக்கிறது.

கோபத்தில் ஒரே நாளில் எல்லோரும் லீவ் போடுவது

"ஸ்ட்ரைக் இல்லை, எல்லோரும் சி.எல். போடுகிறோம், அவ்வளவுதான்." இந்த யோசனை எப்போதும் யாராவது ஒருவருக்கு வரும். புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், ஒரே நாளில் 50 சதவீதமோ அதற்கு மேலோ சேர்ந்து பேசிவைத்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம்தான். வேலைநிறுத்தம் என்றால் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரச அதிகாரி முன் பேச்சு நடக்கும்போதும், முடிந்து ஏழு நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை என்றால், தர்ம நிறுவனங்களுக்கு இந்தத் தொகுப்பு பொருந்தாது என்ற வாதமும் வரும். ஆகவே நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் தொழிலாளர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை அவசியம் பாருங்கள். கைக்காசு போட்டாவது பாருங்கள்.

அரசுப் பணியில் இருப்பவர்களுக்குக் கயிறு இன்னும் இறுக்கம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காகச் சுமார் 1,70,000 அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் தமிழ்நாட்டில் ஒட்டுமொத்தமாக நீக்கப்பட்டார்கள். அந்த வழக்கில்தான் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கறுப்பு பேட்ஜ், டூட்டி முடிந்த பிறகு வாயிற்கூட்டம், மனு, வழக்கு என்று படிப்படியாகப் போகலாம். முதல் நாளே கடைசி ஆயுதத்தை எடுத்துவிட்டால் மறுநாள் கையில் எதுவும் இருக்காது.

வாய்வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்புவது

தமிழ்நாடு அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி 2015-ல் வந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்று நம்பித்தான் சேர்ந்தார்கள். இரண்டு வருடம் முடிந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஆயிரக்கணக்கானோர் சென்னை தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் போனவர்கள் வாபஸ் என்று அறிவிக்க, உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பகுதி எழுந்திருக்க மறுத்தது. உயர் நீதிமன்றம் தடை விதித்த பிறகே கலைந்தார்கள். சம்பளம் பிறகு 14,000 ஆனது, அப்புறம் 18,000. நிரந்தரம் மட்டும் "காலியிடம் உண்டாகும்போது" என்ற இரண்டு வார்த்தையில் வருடக்கணக்காகத் தொங்கியது.

அந்தச் செவிலியர்களைக் குறை சொல்ல நான் யார்? அந்தச் சம்பளத்தில் மூன்று நாள் சென்னையில் உட்கார்வதற்கே பெரிய மனசு வேண்டும். ஆனால் அதிலிருந்து கற்க வேண்டியது உண்டு. பேச்சுக்குப் போகிறவர்கள் எதுவரை இறங்கி வரலாம் என்பதைப் போவதற்கு முன்பே எல்லோரும் சேர்ந்து தீர்மானித்து எழுதிவையுங்கள். உள்ளே சம்மதித்தாலும், "வெளியே கேட்டுவிட்டுச் சொல்கிறோம்" என்று வந்துவிடுங்கள். ஒப்புக்கொண்டதைத் தேதியோடு கையெழுத்தாக வாங்குங்கள். தேதி இல்லாத வாக்குறுதி ஸ்டாப் டேட் இல்லாத மருந்துச்சீட்டு மாதிரி, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

நம்மையே பிரித்துக்கொள்வது

டிப்ளமோ படித்த ஜி.என்.எம். தனி, பட்டம் படித்த பி.எஸ்சி. தனி. நிரந்தரம் தனி, ஒப்பந்தம் தனி. கிராம சுகாதார செவிலியர்களை நம் கூட்டத்துக்கு அழைப்பதே இல்லை. ஐயாயிரம் பேர் உள்ள பகுதியில் கர்ப்பிணிகளைத் தேடித் தேடிப் பார்த்து, பிரசவத்துக்கு அனுப்பி, தடுப்பூசி போட்டு, இரவில் வீட்டில் உட்கார்ந்து கணினியில் பதிவும் ஏற்றுகிறார்கள். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் முதல் விளக்கம் அவர்களிடம்தான் கேட்கப்படும். துணைச் செவிலியர் (ஏ.என்.எம்.) என்பதற்காக அவர்களைக் கீழே பார்ப்பவர்கள் நம்மிடையே இருப்பது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

சட்டத்திலும் இதற்கு விலை உண்டு. ஏழு பேர் சேர்ந்தால் சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது சரிதான். ஆனால் மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அது உறுப்பினராக இருக்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் பல சங்கம் இருந்தால், 51 சதவீத ஆதரவு உள்ள சங்கத்தைத்தான் தனியாகப் பேச்சுக்கு அழைப்பார்கள். மூன்று துண்டாக நின்றால் நிர்வாகத்துக்கு வேலை மிச்சம்.

பாதுகாப்பை "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்குவது

கோரிக்கைப் பட்டியலில் சம்பளம் முதலில், பாதுகாப்பு கடைசி வரியில். பேச்சுவார்த்தையில் நேரம் போதாமல் முதலில் விழுவதும் அந்தக் கடைசி வரிதான். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973 நவம்பர் 27 அன்று அங்கே செவிலியராக இருந்த அருணா ஷான்பாக் தாக்கப்பட்டது, டூட்டி முடிந்து அடித்தளத்தில் உடை மாற்றப் போன இடத்தில். 2015 மே மாதம் அவர் இறக்கும்வரை, ஏறக்குறைய 42 வருடம் அவரைப் படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டது அதே மருத்துவமனையின் செவிலியர்கள். அதனால் "பாதுகாப்பு வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள். உடை மாற்றும் அறை எந்த மாடியில், உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, ரத்த வங்கிக்குப் போகும் வழியில் எந்த விளக்கு எரியவில்லை, இரவு டூட்டிக்கு வண்டி உண்டா என்று எழுதுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, அதில் செவிலியர்களும் அடக்கம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார் குழு இருக்க வேண்டும். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

நோயாளியிடம் சொல்லாமல் விடுவது

போராட்டம் அறிவித்தால் எந்தப் பிரிவு கட்டாயம் ஓடும், அங்கே எத்தனை பேர் இருப்போம் என்ற பட்டியலையும் கூடவே வெளியிடுங்கள். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் என்ற செவிலியர் சங்கம் 2022 டிசம்பரில் தன் நூறு வருட வரலாற்றில் முதல் தேசிய வேலைநிறுத்தத்தை நடத்தியபோது, டயாலிசிஸ், கீமோதெரபி, ஐ.சி.யு. எல்லாவற்றுக்கும் விலக்கு கொடுத்தது. நம் ஊரிலிருந்து போன பிள்ளைகளும் அங்கே எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். வார்டில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரிடம், "உங்க அப்பாவுக்கு ராத்திரி பெல் அடிச்சா நாங்க வர எவ்வளவு நேரம் ஆகுது, அதுக்காகத்தான் கேட்கிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அன்று என்னைத் திட்டிய மகனிடம் அதைச் சொல்லியிருந்தால், அவரே எங்களோடு நிர்வாகத்திடம் வந்திருக்கலாம்.

வந்தவர்கள் மட்டும் முடிவெடுப்பது

பிரிட்டனின் அதே செவிலியர் சங்கம் வேலைநிறுத்தத்தைத் தொடர 2023 ஜூனில் மறுபடி ஓட்டெடுத்தது. ஓட்டுப் போட்டவர்களில் 84 சதவீதம் ஆதரவு. ஆனால் ஓட்டுப் போட வந்ததே சுமார் 43 சதவீதம்தான். அப்போதைய சட்டப்படி 50 வேண்டும், ஆகவே வேலைநிறுத்தம் தொடர முடியவில்லை. எங்கள் கூட்டங்களை ஆரம்பத்தில் மாலை ஐந்து மணிக்கு வைத்தோம். ஈவினிங் டூட்டியில் இருப்பவர் வர முடியாது, நைட் போகிறவர் தூங்கிக்கொண்டிருப்பார், குழந்தை உள்ளவர் ஸ்கூல் வாசலில் நிற்பார். வந்த பதினைந்து பேர் எடுத்த முடிவை மீதி எண்பது பேர் எப்படி ஏற்பார்கள்? இப்போது ஒரே கூட்டத்தை மூன்று தடவை வைக்கிறோம். காலை எட்டு, மதியம் இரண்டரை, இரவு எட்டரை. டூட்டி மாறும் நேரம், இருபது நிமிடம், வாசல் வேப்பமரத்தடி. வந்தவர்கள் பெயரையும் முடிவையும் ஒரே நோட்டில் எழுதுகிறோம்.