'அம்மா, நான்தான்' என்று போன் வந்தால்

கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் போன மார்கழியில் ஒரு மத்தியானம் போன் வந்தது. புது நம்பர். எடுத்ததும் அழுகை. "அம்மா, நான்தான்ம்மா..." பெரியம்மா பதறிப்போய், "யாரு, சின்னவனா? என்னய்யா ஆச்சு?" என்று கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே, இந்த வீட்டில் இரண்டு பையன்கள், இனி சின்னவனாக நடித்தால் போதும் என்பது அந்தப் பக்கம் இருந்தவனுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு கதை ஓடியது. வண்டியில் ஒருத்தரை இடித்துவிட்டேன், ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள், என் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள், ஐம்பதாயிரம் கொடுத்தால் கேஸ் இல்லாமல் விடுவார்கள், அப்பாவிடம் சொல்லிவிடாதே. நடுவில் 'இன்ஸ்பெக்டர்' ஒருவர் வேறு வாங்கிப் பேசினார்.

பெரியம்மாவுக்கு ஜிபே எல்லாம் கிடையாது. தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சியிடம் ரூபாயைக் கொடுத்தால் அவர் தன் போனிலிருந்து அனுப்பிவிடுவார். பீரோவில் இருந்ததை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடியவரை அண்ணாச்சிதான் நிறுத்தினார். "எதுக்கும் தம்பியோட பழைய நம்பருக்கு ஒரு போன் போட்டுப் பாத்துருவோம்க்கா." சின்னவன் ஓசூரில் நைட் ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"குரல் அவனோடதுதான், சத்தியமா அவன்தான் பேசுனான்" என்று பெரியம்மா இன்றும் சொல்கிறார். அது ஏஐ செய்த குரலா, யாரோ ஒருத்தன் அழுகைக்குள் மறைத்துக்கொண்ட சொந்தக் குரலா, எங்களுக்குத் தெரியாது. குரலை வைத்துக் கண்டுபிடிக்கிற வேலையையே விட்டுவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஏனென்றால் அது நடக்காது. 3 விநாடி ஒலிப்பதிவு இருந்தால் போதும், அந்தக் குரலைப் போலவே பேச வைக்கலாம் என்று மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர்கள் 2023 ஜனவரியிலேயே காட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டு ரீல்ஸில் நாம் பேசுவது இதைவிட நீளம். அதே 2023-ல் கோழிக்கோட்டில் ஓய்வு பெற்ற ஒருவரிடம், கூட வேலை பார்த்த பழைய நண்பர் போல வாட்ஸ்அப்பில் பேசி, அவசர ஆபரேஷன் என்று சொல்லி 40,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள். அவர் ஒன்றும் ஏமாளி இல்லை, சந்தேகப்பட்டு வீடியோவில் வரச் சொல்லியிருக்கிறார். வீடியோவில் நண்பரின் முகமே வந்தது, சில விநாடிகள். மறுபடியும் பணம் கேட்டபோதுதான் நண்பரின் பழைய நம்பருக்குக் கூப்பிட்டார், உண்மை தெரிந்தது. பணம் போன கணக்கைப் போலீஸ் கண்டுபிடித்து மீட்டுக் கொடுத்தது. 2024-ல் வெளியே வந்த ஹாங்காங் விவகாரம் இன்னும் பெரிது. ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வீடியோ மீட்டிங்கில் மேலதிகாரிகளைப் பார்த்து, அவர்கள் சொன்னபடி 15 தடவையாக சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். மீட்டிங்கில் இருந்த முகங்கள் எல்லாம் போலி. கணக்கு வழக்கே வேலையாக இருக்கிறவருக்கே இப்படி என்றால், அடுப்பில் குழம்பை வைத்துவிட்டுப் போனை எடுக்கிற அம்மா, உதடு அசைவைப் பார்த்துக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? கோழிக்கோட்டுக்காரரும் எங்கள் அண்ணாச்சியும் செய்த அதே காரியம்தான். போனை வைத்துவிட்டு, நாம் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் நம்பருக்கு நாமே கூப்பிடுவது. வந்த நம்பருக்குத் திருப்பிக் கூப்பிடக் கூடாது, அவர்கள் கொடுக்கும் நம்பருக்கும் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பிள்ளை அழும்போது போனை வைக்க எந்தத் தாய்க்கும் மனம் வராது. அதனால் அந்த அனுமதியைப் பிள்ளைகள் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "அம்மா, நானே அழுதுகிட்டுப் பணம் கேட்டாலும் போனை வச்சிருங்க. நான் நிஜமாவே ஸ்டேஷன்ல இருந்தாக்கூட அஞ்சு நிமிஷத்துல ஒண்ணும் ஆகிடாது. நான் கோவிச்சுக்க மாட்டேன்." இதைப் போனில் சொன்னால் பத்தாது. நேரில், ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

பிள்ளை போனை எடுக்கவில்லை என்றால்? அதற்குத்தான் இரண்டாவது, மூன்றாவது நம்பர். மருமகள், கூட வேலை பார்ப்பவர், ரூம்மேட். தினசரி காலண்டர் அட்டையின் கீழே பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். பதற்றத்தில் காண்டாக்ட் லிஸ்டில் தேட வராது.

அப்புறம் வீட்டுக்கு ஒரு ரகசியக் கேள்வி வையுங்கள். அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எப்பிஐ 2024 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையிலும் குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளச் சொன்னது. என் அனுபவத்தில் வயதானவர்களுக்குச் சொல் மறந்துவிடும், கேள்வி மறக்காது. "நம்ம வீட்டுச் செவலைப் பசுவை யாருக்கு வித்தோம்?" மாதிரி, பேஸ்புக்கில் எங்கும் இல்லாத ஒன்று. பிறந்த நாள், பேரன் பெயர், குலதெய்வம் வேண்டாம், அதெல்லாம் போட்டோவின் கீழேயே இருக்கிறது. கேட்கிறவர் பதிலை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது. "நான்தான்" என்று யார் சொன்னாலும், "நான்தான்னா யாரு? பேரைச் சொல்லு" என்று கேட்டுப் பழகச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு நம்பரிலிருந்து நீங்களே கூப்பிட்டு ஒத்திகை பாருங்கள், முன்பே சொல்லிவிட்டு. சொல்லாமல் செய்து பயமுறுத்த வேண்டாம்.

போன் வரும்போதே உஷாராக வேண்டிய இடங்களும் உண்டு. "லைனைக் கட் பண்ணாதீங்க", "யார்கிட்டயும் சொல்லாதீங்க", "இப்பவே அனுப்புங்க" என்ற மூன்றில் ஒன்று வந்தாலும் வைத்துவிடலாம். வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டையோடு வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்', அதாவது வீடியோவிலேயே உங்களைக் கைது செய்துவிட்டோம் என்று சொன்னால் யோசிக்கவே வேண்டாம், வைத்துவிடுங்கள். அப்படி ஒன்று நம் சட்டத்தில் கிடையாது, பிரதமரே 2024 அக்டோபர் வானொலி உரையில் அதைச் சொன்னார். ஜாமீன் ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ முறைப்படி வாங்குவது, யுபிஐயில் வாங்குவது இல்லை.

ஊருக்குப் போகிற அன்று அப்பா அம்மா போனைக் கையில் வாங்கிப் பத்து நிமிடம் உட்காருங்கள். வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிபிகேஷனைப் போடுங்கள் (வேறு போனில் அந்தக் கணக்கைத் திறக்க பின் நம்பர் கேட்கும் வசதி இது), அந்த பின் நம்பரை ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். முகப்புப் படம் காண்டாக்டில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றுங்கள், உங்கள் போனிலும்தான். உங்கள் படத்தை வைத்துக்கொண்டு "அம்மா, இது என் புது நம்பர்" என்று வருகிறவனுக்கு அந்தப் படம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கக் கூடாது. தெரியாத நம்பரின் வாட்ஸ்அப் அழைப்பு ஒலிக்காமல் இருக்கவும் செட்டிங் இருக்கிறது. யுபிஐ வைத்திருந்தால், பென்ஷன் வரும் கணக்கை அதோடு இணைக்காமல், செலவுக்கு மட்டும் கொஞ்சம் பணம் போட்டுவைக்கும் தனிக் கணக்கை இணைத்துக் கொடுங்கள். பணம் போகும் முன் திரையில் வரும் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு அனுப்பும் பணம் ஏன் முன்பின் தெரியாத பெயருக்குப் போகிறது?

உங்கள் வீட்டு அண்ணாச்சி யார் என்றும் பாருங்கள். இ-சேவை மையத்துப் பையனோ, பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணோ, பெரியவர்கள் யார் மூலம் பணம் அனுப்புவார்களோ அவர்களிடம் போய், "திடீர்னு பெரிய தொகை அனுப்பச் சொன்னா எனக்கு ஒரு போன் பண்ணிட்டு அனுப்புங்க" என்று சொல்லி உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள். இதை யாரும் செய்வதில்லை. எங்கள் வீட்டைக் காப்பாற்றியது அப்படி ஒரு போன்தான்.

எல்லாம் மீறிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள், அடுத்து வங்கிக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் தடுத்தால்தான் உண்டு, அதனால் "சாயங்காலம் அவர் வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். பணம் போன குறுஞ்செய்தியில் இருக்கும் 12 இலக்க பரிவர்த்தனை எண், பேசிய நம்பர், சாட் எதையும் அழிக்காதீர்கள். cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். ஏமாந்தவரைத் திட்டாதீர்கள், திட்டுக்குப் பயந்து மறைப்பதில்தான் அந்த முதல் மணி நேரம் போகிறது. சில நாள் கழித்து, "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் கட்டணம் கட்டுங்கள்" என்று ஒருவன் வருவான். அவனும் அதே கூட்டம்தான், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.