லயத்து வாசலில் ஒரு மணி நேரம், ரொட்டிக்குள் ஒரு பிடி கீரை: பிள்ளைகளுக்காக எப்படித் தொடங்குவது?

சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் முன்னால், முன்பெல்லாம் பெரிய கூச்சலாக இருக்கும். இப்போது இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) நாலைந்து பிள்ளைகள் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் பிஸ்கட், பக்கத்தில் சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி. இதை மாற்றப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. அம்மா, அக்கா, டியூஷன் சொல்லிக்கொடுக்கிற அண்ணன் என்று யாராவது ஒருவர் முன்வந்தால் போதும்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், இலங்கையின் தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது 17.3 சதவீதம். அந்தப் பிள்ளைகள்தான் இன்றைக்கு நம் பள்ளிக்கூட வகுப்புகளில் இருக்கிறார்கள். அதனால் 'மெலியணும்', 'குண்டாகிட்ட' என்ற பேச்சையே அவர்கள் முன்னால் எடுக்காதீர்கள். சத்தாகச் சாப்பிட வேண்டும், நன்றாக ஓடியாட வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: மூன்று நாள் எழுதிப் பாருங்கள்

பிள்ளை என்ன சாப்பிட்டது, எவ்வளவு நேரம் ஓடியாடியது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். திட்ட வேண்டாம், குறித்தால் மட்டும் போதும். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. மூச்சு வாங்க மேட்டில் ஏறிப் பள்ளிக்கூடம் போவதும் அதில் சேரும். ஆட்டோவில் போய் வருகிற பிள்ளைக்குத்தான் முழு ஒரு மணி நேரத்தையும் விளையாட்டில் தேட வேண்டியிருக்கும்.

படி 2: இடம், நேரம், விளையாட்டு

கோயில் வாசல், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களம், லயத்து முற்றம் எதுவானாலும் சரி. வாகனம் வராத இடமாக இருக்கட்டும். கிளித்தட்டு, கபடி, மட்டையால் பந்தடித்து ஓடுகிற எல்லே, கயிறடித்தல் எல்லாமே நல்ல உடற்பயிற்சிதான். குதிக்கிற விளையாட்டு வாரத்தில் மூன்று நாளாவது இருக்கட்டும், எலும்பு உறுதியாகும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வயசுக்கு வந்ததும் தண்ணீர் எடுப்பது, தம்பியைப் பார்ப்பது, சமைப்பது என்று வேலை கூடிவிடுகிறது, விளையாட்டு நின்றுவிடுகிறது. வீட்டு வேலையில் பாதியை அண்ணன் தம்பிக்குக் கொடுங்கள். ஓர் அக்காவோ சித்தியோ கூட வந்து நின்றால், மற்ற வீடுகளிலும் பிள்ளைகளை அனுப்புவார்கள். எங்கள் லயத்தில் முதல் வாரம் இரண்டு பெண் பிள்ளைகள்தான் வந்தார்கள். ஓர் அம்மா தன் மகளோடு கயிறடிக்க வந்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது.

படி 3: ரொட்டியை விடாதீர்கள், அதற்குள் சேருங்கள்

ரொட்டியையும் சம்பலையும் நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. கோதுமை மா பிசையும்போதே ஒரு பிடி முருங்கைக்கீரையோ துருவிய கரட்டோ சேருங்கள். தொட்டுக்கொள்ளப் பருப்பு, அவித்த கௌப்பி (தட்டைப்பயறு), முட்டை இவற்றில் ஒன்று இருக்கட்டும். நெத்தலிக் கருவாடு என்றால் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். வல்லாரையை அரிந்து தேங்காய்ப்பூவும் தேசிக்காயும் சேர்த்தால் ஐந்து நிமிடத்தில் சம்பல் தயார்.

மறக்கக்கூடாத ஒன்று: மருந்து அடித்த தேயிலை மலையிலும் அதன் கான் (வடிகால்) ஓரத்திலும் கீரை பறிக்காதீர்கள். லயத்துக்குப் பின்னால் நாலு சட்டியில் பொன்னாங்காணி நட்டாலே ஒரு வீட்டுக்கு உதவும்.

படி 4: தேத்தண்ணியைத் தள்ளி வையுங்கள்

நம் கையால் பறிக்கிற கொழுந்துதான். ஆனாலும் சாப்பாட்டோடு குடித்தால் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலை குறைத்துவிடும். மாதவிடாய் வருகிற பிள்ளைகளுக்கு இது பெரிய இழப்பு. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள், சீனியையும் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். குளிருக்குச் சூடாக ஏதாவது கேட்டால் மல்லித்தண்ணி இருக்கிறது. சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து சேர உதவும்.

படி 5: போத்தலைத் திருப்பிப் பாருங்கள்

2016 முதல் இலங்கையில் இனிப்புப் பானங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி. அப்படியானால் 400 மில்லிலீட்டர் போத்தலில் 44 கிராமுக்கும் மேல், பதினொரு தேக்கரண்டி அளவு. அத்தனை கரண்டி சீனியையும் ஒரு கோப்பையில் பிள்ளைகள் முன்னாலேயே அளந்து போட்டுக் காட்டுங்கள். நான் காட்டியபோது ஒருவரும் பேசவில்லை.

மழை நாளில்

மே மாதம் மழை பிடித்தால் முற்றம் சேறாகிவிடும். அன்றைக்கு இஸ்தோப்பிலேயே பாட்டுப் போட்டு ஆடட்டும், நின்ற இடத்தில் குதிக்கட்டும். 20 நிமிடம்தான் முடிந்தது என்றாலும் கொப்பியில் 20 என்றே எழுதுங்கள்.