பழைய துணி ட்ரையர் எந்த வருஷத்துது? கண்டுபிடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய அமெரிக்க ட்ரையர் ஒண்ணு கைக்கு வந்ததும் முக்கால்வாசி பேர் முதல்ல பார்க்குறது கலரைத்தான். அவகாடோ பச்சையா, அப்போ 70-கள். பிங்க்கா, அப்போ 50-கள். அதோட முடிச்சுடுறாங்க. தயவுசெஞ்சு இப்படி பண்ணாதீங்க. ஒரு கலர் வந்துச்சுன்னா வருஷக்கணக்குல கடையில இருக்கும், வெள்ளை எல்லா காலத்துலயும் இருந்திருக்கு, போதாததுக்கு நடுவுல யாராவது ஸ்ப்ரே பெயின்ட் வேற அடிச்சிருப்பாங்க. கதவு கீலுக்கு அடியிலயும் மேல் மூடியோட உள்பக்கமும் பார்த்தா ஒரிஜினல் கலர் தெரியும், ஆனா அது கூட ஏதோ ஒரு காலகட்டத்தைத்தான் சொல்லும், வருஷத்தை சொல்லாது. கதவுல கண்ணாடி இருந்தா புதுசுன்னு நினைக்கிறதும் இதே மாதிரிதான். ஹாமில்டன் கம்பெனி 1938-ல 'ஜூன் டே'ன்னு ஆட்டோமேட்டிக் ட்ரையர் கொண்டுவந்தாங்க, 40-கள்லயே அவங்களோட ட்ரையர் கதவுல ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ்ங்கிற டிசைனர் கண்ணாடி வச்சுட்டார்.

வெளித்தோற்றத்தை விட்டுட்டு நேம் ப்ளேட்டை தேடுங்க. கதவைத் திறந்தா தெரியுற ஓரம், பின்பக்கம், மேல் மூடிக்கு அடியில, இப்படி கம்பெனிக்கு கம்பெனி இடம் மாறும். அதுல மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் தனித்தனியா இருக்கும், ரெண்டையும் குழப்பிக்கிறவங்க நிறைய பேர். மாடல் நம்பர் என்ன மாதிரி மெஷின்னு சொல்லும், அந்த ஒரு மெஷின் எப்போ ஃபேக்டரிய விட்டு வந்துச்சுன்னு சொல்றது பெரும்பாலும் சீரியல் நம்பர்தான்.

இங்கதான் பெரிய தப்பு நடக்குது, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். பல கம்பெனிங்க வருஷத்தை எழுத்தா மாத்தி சீரியல்ல போடுவாங்க, அந்த எழுத்துங்க திரும்பத் திரும்ப வரும். ஜெனரல் எலக்ட்ரிக்ல சீரியலோட முதல் எழுத்து மாசம், ரெண்டாவது எழுத்து வருஷம், வருஷத்துக்குன்னு மொத்தம் 12 எழுத்துதான், அதனால 12 வருஷத்துக்கு ஒரு தடவை அதே எழுத்து திரும்பி வந்துடும். 'எல்ஏ' (LA)ன்னு ஆரம்பிச்சா அது ஜூன் மாசம், ஆனா எந்த ஜூன்? 1977-ஆவும் இருக்கலாம், 1989-ஆவும் இருக்கலாம், 2001-ஆவும் இருக்கலாம். ஏதாவது ஒரு டேபிளைப் பார்த்துட்டு அதுல முதல்ல இருக்குற வருஷத்தை எடுத்துக்கிறதுதான் தப்பு. எழுத்தைப் பார்த்ததும் அதுக்கு வரக்கூடிய எல்லா வருஷத்தையும் எழுதி வச்சுக்கோங்க, அப்புறம் மெஷினைப் பார்த்து எது பொருந்தாதோ அதை ஒவ்வொண்ணா அடிச்சுட்டு வாங்க. இன்னொண்ணு, ஒரு கம்பெனியோட எழுத்துக் குறியை இன்னொரு கம்பெனிக்கு போட்டுப் பார்க்காதீங்க. மேடேக் கம்பெனியில எழுத்து கடைசியில வரும், அதுவும் வருஷம் முன்னாடி, மாசம் பின்னாடி, அதாவது அப்படியே தலைகீழ்.

கம்பெனின்னு சொல்லும்போது பிராண்ட் பேரையும் அப்படியே நம்பிடக்கூடாது. கென்மோர்ங்கிறது சியர்ஸ்ங்கிற அமெரிக்க கடையோட பிராண்டா இருந்துச்சு, அவங்க ட்ரையர் தயாரிக்கல. மாடல் நம்பர் 110-னு ஆரம்பிச்சு ஒரு புள்ளி இருந்தா அதை செஞ்சது வேர்ல்பூல். பிராண்ட் கை மாறின வருஷம் தெரிஞ்சா அது நல்ல ஆதாரம். ப்ளேட்ல ஃப்ரிஜிடேர்ங்கிற பிராண்டோட ஜெனரல் மோட்டார்ஸ் பேரும் இருந்தா 1979-க்கு அப்புறமா இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, அந்த வருஷம்தான் ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஒயிட் கன்சாலிடேட்டட் கம்பெனிக்கு வித்தாங்க. 'ஒயிட் வெஸ்டிங்ஹவுஸ்'னு இருந்தா 1975-க்கு முன்னாடி இருக்கவே முடியாது. 'ஆர்சிஏ வேர்ல்பூல்'னு இருந்தா 1955-ல இருந்து 60-களோட நடுப்பகுதி வரைக்கும்.

கவனிச்சீங்களா, இந்த ஆதாரம் எதுவுமே 'இதுதான் வருஷம்'னு சொல்லல. இதுக்கு முன்னாடி இல்ல, இல்லன்னா இதுக்கு அப்புறம் இல்ல, அவ்வளவுதான் சொல்லுது. பேட்டன்ட் நம்பரும் அப்படித்தான். அமெரிக்க பேட்டன்ட் 20 லட்சத்தை தொட்டது 1935-ல, 30 லட்சம் 1961-ல, 40 லட்சம் 1976-ல. ப்ளேட்ல இருக்குற நம்பர்லயே பெருசு எதுவோ அதைப் பாருங்க, மெஷின் அதை விட பழசா இருக்க முடியாது. எத்தனை வருஷம் புதுசுன்னு அது சொல்லாது, ஏன்னா ஒரே பேட்டன்ட் நம்பரை வருஷக்கணக்குல அச்சடிச்சுட்டே இருப்பாங்க. டிசைன் பேட்டன்ட்டுக்கு (வெளி வடிவத்துக்கு வாங்குறது) தனி வரிசை, நம்பர் ரொம்ப சின்னதா இருக்கும், அதைப் பார்த்துட்டு மெஷின் நூறு வருஷம் பழசுன்னு சொல்லிடாதீங்க. அட்ரஸ்ல ஜிப் கோட் (நம்ம பின்கோடு மாதிரி) இருந்தா 1963 ஜூலைக்கு அப்புறம். ஆனா ஜிப் கோட் இல்லைங்கிறதை வச்சு அதுக்கு முந்தினதுன்னு முடிவு பண்ண முடியாது, ஊரும் மாநிலமும் மட்டும் போட்ட ப்ளேட் பின்னாடியும் நிறைய வந்திருக்கு.

ப்ளேட்டே காணோம்னா உள்ள இருக்குற பார்ட்ஸ்தான் கதி. (திறக்குறதுக்கு முன்னாடி ப்ளக்கை கழட்டிடுங்க, கேஸ் ட்ரையர்னா கேஸையும் மூடிடுங்க.) மோட்டார், டைமர், கெபாசிட்டர் மேல பல நேரம் நாலு இலக்க தேதிக் குறி இருக்கும், 6823-னா 1968-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். ஒரே ஒரு பார்ட்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, ஏன்னா டைமரும் மோட்டாரும் ரிப்பேர்ல மாத்துற சாமான். மூணு நாலு பார்ட்ல தேதி கிட்டத்தட்ட ஒண்ணா வந்து, ஒண்ணு மட்டும் பத்து வருஷம் தள்ளி இருந்தா அந்த ஒண்ணுதான் மாத்தினது. பார்ட்ஸ் செஞ்சு அதுக்கப்புறம்தான் மெஷின்ல மாட்டுவாங்கங்கிறதால மெஷினோட தேதி அதுக்கு கொஞ்சம் பின்னாடிதான் வரும்.

பவர் கார்டைப் பார்த்து வருஷம் சொல்றதை விட்டுடுங்க. அமெரிக்காவுல நாலு பின் கார்டு 1996-ல விதியா வந்துச்சு, பழைய மெஷினுக்கும் அதை மாட்டியிருப்பாங்க. கேஸ் ட்ரையர்ல எப்பவும் எரியுற பைலட் (பர்னரை பத்த வைக்கிற சின்ன தீ) இருந்தா அது உருப்படியான ஆதாரம், 1988 ஜனவரி 1-ல இருந்து அங்க அப்படி தயாரிக்க தடை.

பழைய விளம்பரத்துல அதே மாடல் இருக்குன்னு அந்த விளம்பர வருஷத்தை அப்படியே மெஷினுக்கு போட்டுடுறாங்க, அதுவும் சரியில்ல. ஒரே பாடி பல வருஷம் ஓடியிருக்கு, அதனால விளம்பரத்தை வச்சு அந்த வருஷம் அந்த மாடல் இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லலாம். கடைசியில 1966-ல இருந்து 1968-க்குள்ளங்கிற அளவுக்குத்தான் வந்துச்சுன்னா அப்படியே எழுதுங்க, விக்கும்போதும் அப்படியே சொல்லுங்க.

க்ளீன் பண்றதை எல்லாத்துக்கும் அப்புறம் வச்சுக்கோங்க. ப்ளேட்டை தின்னர் போட்டு தேய்ச்சா நம்பர் அழிஞ்சுடும், முதல்ல சாய்வா டார்ச் அடிச்சு போட்டோ எடுத்துடுங்க. கன்ட்ரோல் பேனலுக்குப் பின்னாடியோ மேல் மூடிக்கு அடியிலயோ மடிச்சு வச்ச வயரிங் பேப்பர் ஒண்ணு இருக்கலாம், பஞ்சும் தூசியுமா சேர்ந்து குப்பை மாதிரியே கிடக்கும், மாடல் நம்பர் பல நேரம் அதுலயும் இருக்கும், தூசி தட்டும்போது அதையும் சேர்த்து தூக்கிப் போட்டுடாதீங்க.